ஒத்தக்கேள்வி அண்ணாச்சி லைனில் இருக்கிறார்

ஐக்கிய நாடுகள் சபைக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து மூன்று பக்கத்துக்குத் தமிழில் கடிதம் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, பதில் வந்ததா என்று தபால்காரரை மூன்று வருஷம் வழிமறித்துக் கேட்ட மனிதர் இந்த பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரை எனக்குத் தெரியும்.

அப்போது விருதுநகரில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் வேலை பார்த்தேன். காலை ஏழு முதல் எட்டு வரை ‘ஊரும் உலகமும்’ என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் போனில் வருவார்கள், நான் பேசுவேன். ஊர் என்றால் குடிதண்ணீர் வராதது; உலகம் என்றால் எங்கேயோ ஒரு சண்டை. இரண்டுமே தினமும் இருந்ததால் நிகழ்ச்சி சிரமமில்லாமல் ஓடியது.

ஒருநாள் இரண்டு நாடுகளுக்கு இடையே நடக்கும் போரைப் பற்றிப் பேச, ஓய்வு பெற்ற அரசியல் பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தோம். கனமான மனிதர். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘புவிசார் அரசியல்’ என்றுதான் ஆரம்பிப்பார். அப்போது ஒரு போன் வந்தது.

“சார், ஏழாயிரம்பண்ணையில இருந்து பேசுறேன். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏத்துற வேன் ஓட்டுறேன். ஒத்தக் கேள்விதான்.”

“உங்க பேரு அண்ணாச்சி?”

“பேரு எதுக்கு சார், கேள்வியைக் கேளுங்க. சண்டை நடக்குற ஊருல பொம்பளையாளுக வேலைக்குப் போறாகளா, போகலியா?”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “புவிசார் அரசியல் நோக்கில், அங்கே பொருளாதாரம்...”

“அதைக் கேக்கல சார். காலையில வேன் வருதா? வந்தா எந்த ரோட்டுல வருது? குண்டு விழுந்த பள்ளத்தைச் சுத்திப் போகணும்னா நேரமாகுமே, கேட்டுல உள்ள விடுவாகளா? எல்லாரும் ஏறுறதுக்குள்ள சைரன் அடிச்சா டிரைவர் நிக்கணுமா, எடுக்கணுமா? டிரைவருக்கு யாரு சொல்லுவா?”

ஒத்தக் கேள்வி என்று ஆரம்பித்து ஆறாவதில் நின்றிருந்தார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் உலகப் போர்களைப் பாடம் நடத்தியவருக்கு, அந்த ஊர்களிலும் யாரோ ஒருவர் வேன் ஓட்டுவார் என்று அதுவரை தோன்றியதில்லை. நான் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டேன். அதற்குப் பிறகு பேராசிரியர் எங்கள் அழைப்பை ஏற்கும்போதெல்லாம், “அந்த வேன்காரர் வருவாரா? வருவார் என்றால் நான் கொஞ்சம் படித்துவிட்டு வரவேண்டும்” என்பார்.

அன்றிலிருந்து அவர் ஒத்தக்கேள்வி அண்ணாச்சி. கடைசித் தெருவில் ஆள் ஏற்றுவதற்காக வண்டியை நிறுத்துகிற ஐந்து நிமிஷத்தில்தான் போன் செய்வார். ஓடும் வண்டியில் பேசவே மாட்டார். ஐ.நா. விவகாரம் அப்படித்தான் ஒரு ஐந்து நிமிஷத்தில் வெடித்தது. ஐந்து பெரிய நாடுகளில் ஒன்று வேண்டாம் என்றாலும் தீர்மானம் நிறைவேறாது என்று நான் வானொலியில் விளக்கித் தொலைத்துவிட்டேன்.

“ஒரு ஆளு வேண்டாம்னா அம்புட்டுதானா? என் வேன்ல பதினெட்டுப் பேரு வாராக. முன் சீட்டுக்காரி ‘வண்டியை நிப்பாட்டாத’ன்னா, பின்னாடி ஒருத்தி வாந்தி எடுத்தாலும் ஓட்டிக்கிட்டே போவனா? என்ன சார் சபை நடத்துறாக!”

கடிதத்தின் சாரமும் அதுதான். தன் வேனில் திங்கட்கிழமைதோறும் முன் சீட்டு மாறுகிறது, யாரும் செத்துப்போகவில்லை, சபையிலும் அப்படியே செய்யலாம் என்று எழுதியிருந்தார். தபால் ஆபீஸில் பின்கோடு கேட்டார்களாம். “உலகத்துக்கே இருக்கிறது ஒரு சபை. அதுக்குப் பின்கோடு கேட்டா எப்படி?” என்று அங்கேயும் சண்டை.

அவர் வேனில் வந்த பெண்களுக்கு ஒரு குறை இருந்தது. காலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம் என்றால் இந்த மனுஷன் உலகச் செய்தி வைக்கிறார். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அவரவர் நாட்டுச் செய்தியை அவரவர் கவனித்து, சாயந்தரம் திரும்பும்போது மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜப்பான் ஒருத்திக்கு, பிரேசில் ஒருத்திக்கு. அமெரிக்காவை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதைப் பார்க்க ஒரு ஆள் பத்தாது என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் பேச்சியம்மா என்று ஒரு அக்கா. அண்ணாச்சி பேசும்போதெல்லாம் பின்னணியில் அவர் குரல் கேட்கும்: “அண்ணே, கேள்வியை முடிச்சிட்டு வண்டியை எடுங்க, ஃபோர்மேன் வைவாரு.” ஒருநாள் அவரே போனைப் பிடுங்கிவிட்டார்.

“சார் வணக்கம். நான் ஐஸ்லாந்து பேசுறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“எங்க நாட்டுல மலையே வெடிச்சிருச்சாம்ல சார்? அதுக்கு லைசென்ஸ் யாரு பேருல இருக்கு?”

வேன் முழுக்கச் சிரிப்பு. நான் சிரித்த சிரிப்பில் அரை நிமிஷம் நிகழ்ச்சி நின்றுபோனது. சம்பள உயர்வு கேட்டால்கூடச் சிரிக்காத எங்கள் மேனேஜர், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அந்தப் பேச்சை வெட்டி, எங்கள் நிகழ்ச்சிக்கு விளம்பரமாக்கி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒலிபரப்பினோம். மாவட்டம் முழுக்க ‘ஐஸ்லாந்து அக்கா’ பிரபலமானார்.

சிரிப்பாகவே பேசுகிறாரே தவிர, எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். பட்டாசு ஊர்களில் எங்காவது வெடித்தால் மறுநாள் செய்தியில் ‘மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு’ என்று ஒரு வரி வரும். வருஷா வருஷம் அதே வரிதான். எங்கோ ஒரு யூனிட்டில் இரண்டு பேர் கருகிப்போன மறுநாள் அவர் போன் செய்தார்.

“சார், இந்த உராய்வுங்கிறவன் யாரு? அம்புட்டுக் கொலையையும் அவன்தான் செஞ்சான்னு சொல்றீக. நம்ம பக்கத்துலதான் சுத்திக்கிட்டு இருக்கான். அவனை ஏன் சார் பிடிக்க மாட்டேங்கிறாக?”

நான் சிரித்து மழுப்பினேன். பட்டாசுக் கம்பெனி விளம்பரங்கள் இல்லாவிட்டால் எங்கள் நிலையத்துக்கு மின்சாரமே கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒருநாள் மத்தியானம் அது நடந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனி. ஆர்டர் நெருக்கடியில் ஒரு அறையில் இருக்க வேண்டியதைவிட அதிகம் பேர் உட்கார்ந்து மருந்து செலுத்தியிருக்கிறார்கள். சாயந்தரச் செய்தியில் எங்கள் நிலையமே வாசித்தது: உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து, ஆறு பேர் பலி.

மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு ஒரு வெளிநாட்டுத் தேர்தலைத் தலைப்பாக ஏற்கெனவே அறிவித்திருந்தோம். மேனேஜர் ஸ்டூடியோ வாசலில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை.

“இரங்கல் சொல்லிரு. அதோட தேர்தலுக்குப் போயிரு. விபத்தைப் பத்திப் போன் கால் எடுக்காத. கேஸ் ஆகும், வெளம்பரம் போகும். நமக்கு எதுக்கு?”

நான் தலையாட்டினேன். ஆழ்ந்த இரங்கல் சொன்னேன். தேர்தலுக்குப் போனேன். ஏழு இருபதுக்கு மூன்றாவது லைனில் அந்த நம்பர் மினுங்கியது. எடுத்திருக்கக் கூடாது. ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது.

“வணக்கம் அண்ணாச்சி. நல்லா இருக்கீங்களா?”

“நான் நல்லாருக்கேன் சார்.” எப்போதும் அவருக்குப் பின்னால் கேட்கும் சலசலப்பு அன்றைக்கு இல்லை. “போன வாரம் அந்த நாட்டுல குண்டு விழுந்துச்சுல்ல. செத்த புள்ளைக்கு ஒம்பது வயசு, அது பேரு இன்னது, டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்துச்சுன்னு நீங்கதான வாசிச்சீக? நான் வண்டியை ஓரங்கட்டிட்டுக் கேட்டேன்.”

“ஆமா அண்ணாச்சி.”

“நேத்து நம்ம ஊருல செத்தவகளை ஆறு பேருன்னு மட்டும் சொல்லிட்டீக. பேரு ஏன் சார் சொல்லல? ஒருவேளை உங்களுக்குத் தெரியாம இருக்கும். நான் சொல்றேன், எழுதிக்கிடுங்க. மொத ஆளு, பேச்சியம்மா...”

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேனேஜர் இரண்டு கைகளையும் குறுக்கே போட்டுக் காட்டினார். நான் பட்டனை அமுக்கி லைனை வெட்டினேன். மேனேஜர் சொன்னார், அதனால் வெட்டினேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மேனேஜர் அந்தப்பக்கம் இருந்தார். பட்டன் இந்தப்பக்கம், என் விரலுக்குக் கீழே இருந்தது.

நான் பேசாவிட்டால் வரிசையில் அடுத்து இருப்பதை எங்கள் கம்ப்யூட்டர் தானாக ஒலிபரப்பும். அது ஒலிபரப்பியது.

“சார் வணக்கம். நான் ஐஸ்லாந்து பேசுறேன்.”

அந்தச் சிரிப்பு, அந்த வேன் முழுக்கச் சிரிப்பு, மாவட்டம் முழுக்கப் போனது. நிறுத்துவதற்கு என் கை எழும்பவில்லை. மேனேஜர் வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சியிடமிருந்து போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, சாத்தூரில் மாறி, ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். வேன் ஓட்டுகிறவர் என்று விசாரித்தால் வீட்டுக்கு ஒருவரைக் காட்டினார்கள். “ரேடியோவுல கேள்வி கேப்பாரே” என்றதும் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அவர் வேன் சீட்டுகளைக் கழற்றி வெளியே போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமான, ஒல்லியான மனிதர். என் குரலைக் கேட்டதும் குழாயை மூடினார்.

“வாங்க சார். சாப்பிட்டீகளா?”

“அண்ணாச்சி, நான் அன்னைக்கு...”

“அது கெடக்கட்டும். உக்காருங்க.”

உட்காருவதற்குக் கழுவாத சீட் ஒன்றை இழுத்துப்போட்டார். வேனுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கியது. அதைக் காட்டினார். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் பதினெட்டுப் பேரும் காலையில் இறங்கும்போது போனை அந்தப் பையில் போட்டுவிடுவார்கள். அவர் கேட்டுக்கு வெளியே கருவேல மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு சாயந்தரம் வரை ரேடியோ கேட்பார்.

“சத்தம் கேட்டுச்சு. பொகை. நான் எந்திரிச்சு ஓடுறதுக்குள்ள பை அடிக்க ஆரம்பிச்சிருச்சு சார். பக்கத்து ஊரு பூராம் சத்தம் கேட்டிருக்கும்ல, அவுக அவுக வீட்டுல இருந்து அடிக்காக. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு. பையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு கேட்டுல நின்னேன். வெளிய ஓடி வர்றவளைப் பாத்துப் பாத்து, அவ போனை எடுத்து ‘இருக்கா, இருக்கா, கண்ணால பாத்துட்டேன்’னு சொன்னேன். பன்னெண்டு பேருக்குச் சொல்லிட்டேன்.”

கையிலிருந்த துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

“ஆறு போனு மட்டும் நிக்கவே இல்ல.”

“எடுத்தீங்களா?”

“எடுக்காம விட்டா அவுக அங்கன என்ன நெனைப்பாக? எடுத்தேன். ‘இன்னும் பாக்கல, பாத்ததும் சொல்றேன்’னு ஆறு வீட்டுக்கும் அதையே சொன்னேன். பொய்யில்ல சார். நான் பாக்கத்தான் இல்ல.”

அடுத்த சீட்டை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு அவரே, நான் லைனை வெட்டிய அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். கோயில் கொடை விழாவுக்கு வாடகைக்கு விடுகிற மைக் செட்டை வாங்கி வேன் மேல் கட்டியிருக்கிறார். சுற்றியுள்ள ஊர்களில் தெருத் தெருவாகப் போய் ஆறு பேருடைய பெயரையும், வயதையும், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்பதையும் வாசித்திருக்கிறார். ஒவ்வொருத்திக்கும் அவளுடைய நாட்டையும் சேர்த்து. ‘ஜப்பான் விவகாரம் பார்த்தவள்’, ‘பிரேசில் விவகாரம் பார்த்தவள்’ என்று. ஐந்தாவது ஊரில் போலீஸ் மறித்தது.

“பெர்மிஷன் இருக்கா, எந்தக் கட்சின்னு கேட்டாக. கட்சி இல்லய்யா, செத்தவகன்னு சொன்னேன். அந்தப் பேருல கட்சி இருக்கான்னு ஒரு ஏட்டு இன்னொரு ஏட்டைக் கேக்காரு.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துவிட்டு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். சாயந்தரம்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்களாம். மறுநாள் கம்பெனியிலிருந்து இனி வேன் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

“நீங்க வெட்டுனதுல எனக்கு வருத்தம் இருக்கு சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்தாப்புல அவ குரல் வந்துச்சு பாருங்க. பேச்சியம்மா வீட்டுல ரேடியோ ஓடிக்கிட்டு இருந்திருக்கு. அவ மக ரேடியோவைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாளாம். ரேடியோக்காரக இன்னொரு வாட்டி போடுவாகளான்னு என்கிட்ட வந்து கேட்டுச்சு.”

அந்தக் குரல் என் போனிலேயே இருந்தது. இரண்டு தெரு தள்ளி அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண். என் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு நாலு தடவை கேட்டாள். பிறகு, “அம்மா ‘எங்க நாட்டுல’ன்னு சொல்லுது பாருங்க. சாத்தூரத் தாண்டிப் போனதில்ல” என்றாள். பதிவை அவள் போனுக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஏற்றிவிடும்போது அண்ணாச்சியிடம் ஆறு பெயர்களையும் கேட்டேன். ஒரு துண்டுச்சீட்டில் அவரே எழுதித் தந்தார்.

திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் சீட்டைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். “எனக்கு டீ குடிக்கணும்போல இருக்கு. வர அரைமணி ஆகும்” என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கும் பழக்கமே இல்லாத அந்த மனிதர் வெளியே போனார். நான் மைக்கைத் திறந்து ஆறு பெயர்களையும் வாசித்தேன். வயது, ஊர், பிள்ளைகள், கவனித்துவந்த நாடு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முடித்ததும் மூன்றாவது லைன் மினுங்கியது.

“சார், நாலாவது ஆளு செல்லத்தாய் இல்ல, செல்வத்தாய். என் கையெழுத்து அப்படி. திருப்பிச் சொல்லுங்க.”

“செல்வத்தாய்” என்றேன்.

“இப்பச் சரி.” மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “அப்புறம் சார், அந்த எலெக்‌ஷன்ல யாருதான் ஜெயிச்சா? இத்தனை நாளா நான் ரேடியோவே போடல.”

நான் சொன்னேன். அவர் அது சம்பந்தமாக மேலும் பதினொரு கேள்விகள் கேட்டார். ஒன்றிலும் நான் குறுக்கிடவில்லை.

இதனால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரங்கள் சில நின்றன. இரண்டு மாதத்தில் நிகழ்ச்சியை எடுத்துவிட்டு எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு வாழ்த்துவது? விலகி, இப்படிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறேன். அந்தக் கம்பெனி கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்துவிட்டு வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் அங்கேயேதான் போகிறார்கள், வேறொருவர் வேனில்.

அண்ணாச்சி இப்போது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிப் போகிறார். போன ஆடியில் நானும் மனைவியும் மகளும் அவர் வேனில்தான் போனோம். ஏதோ ஒரு குட்டித் தீவில் மந்திரிசபை கவிழ்ந்ததைப் பற்றி வழியெல்லாம் விளக்கினார். முன் சீட்டில் இருந்த நான் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

விழித்தபோது வண்டி ஒரு வேப்பமர நிழலில் நின்றிருந்தது. மனைவியும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அண்ணாச்சி ரேடியோவைத் தாழ்வாக வைத்து, அதன்மேல் காதைச் சாய்த்து, எனக்காக உட்கார்ந்திருந்தார். என் முகத்தில் வெயில் படாமலிருக்கத் தன் துண்டை ஜன்னலில் கட்டியிருந்தார்.

“எந்திரிச்சிட்டீகளா? அவசரமில்ல சார். இன்னும் செத்த நேரம் கண்ணசருங்க.”

எனக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்திருந்தது. ஆனாலும் கண்களை மூடிக்கொண்டேன். அவர் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும்போல் இருந்தது.